இங்கிலீஷ் ஒன்-ஏ வகுப்பின் வாசல்

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். எதில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே காதில் விழுகிற பெயர் ‘இங்கிலீஷ் ஒன்-ஏ’. நர்சிங் படிக்க வந்தவருக்கும் அது வேண்டும். இரண்டு ஆண்டு முடித்துவிட்டு பெர்க்லிக்கோ சான் ஹோசே ஸ்டேட்டுக்கோ மாறிப்போக நினைப்பவருக்கும் வேண்டும். 2009-க்குப் பிறகு இரண்டாண்டு அசோசியேட் பட்டம் வாங்குவதற்கே அந்த அளவு ஆங்கிலம் கட்டாயம். கதையும் கவிதையும் ரசிக்கிற வகுப்பு இல்லை இது. ஒரு புத்தகத்தைப் படித்து, அதிலுள்ள வாதத்தைப் பிரித்துப் பார்த்து, தன் பக்கத்து நியாயத்தை நாலு பக்கம், ஆறு பக்கம் சான்றுகளோடு எழுதப் பழக்கும் முதலாண்டுக் கட்டுரை வகுப்பு.

அதில் உட்கார யாருக்குத் தகுதி உண்டு என்று முடிவுசெய்கிற முறை சில ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது. 2012-இல் சேர்ந்த அக்காவும் இப்போது சேரும் தம்பியும் பேசிக்கொண்டால், இருவரும் ஒரே கல்லூரியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று நமக்குச் சந்தேகம் வரும்.

அக்கா விண்ணப்பம் கொடுத்ததும் அவரை ‘அசெஸ்மென்ட் சென்டர்’ என்ற அறைக்கு அனுப்பினார்கள். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். திரையில் அக்யூபிளேசர், காம்பஸ் என்ற தேர்வுகளில் ஒன்று ஓடும். இந்த வாக்கியத்தில் காற்புள்ளி எங்கே வர வேண்டும், இந்தப் பத்தியின் மையக்கருத்து எது, நாலு விடைகளில் ஒன்றைத் தொடு. கட்டுரை எழுதும் வகுப்புக்கு ஆள் எடுக்கும் தேர்வில், பல கல்லூரிகளில் ஒரு வரிகூட எழுதச் சொல்லவில்லை என்பது இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. பெரும்பாலோர் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடுவார்கள். சிலர் அதற்கு முன்பே. ஏனென்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ‘சும்மா எந்த வகுப்பு என்று பார்க்கத்தான்’ என்பதாகவே பேச்சு இருந்தது. வெஸ்ட்எட் என்ற ஆய்வு நிறுவனம் 2010-இல் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களிடம் பேசி வெளியிட்ட அறிக்கையில் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது: தேர்வுக்குத் தயாராகலாம் என்றே பலருக்குத் தெரியாது, முடிவு தங்கள் ஓராண்டைத் தின்னும் என்பதும் தெரியாது.

மதிப்பெண் குறைந்தால் ஒன்-ஏ கிடையாது. அதற்கு ஒரு படி கீழே, இரண்டு படி கீழே, சில இடங்களில் மூன்று, நாலு படி கீழேகூட வகுப்புகள் இருந்தன. அடியில் வாக்கியம், அதற்கு மேல் பத்தி, அதற்கு மேல் சிறு கட்டுரை என்று அடுக்கு. வாசிப்புக்குத் தனி வகுப்பு வைத்த கல்லூரிகளும் உண்டு. கட்டணம் கட்ட வேண்டும், வீட்டுப்பாடம் செய்ய வேண்டும், மதிப்பெண்ணும் போடுவார்கள். ஆனால் அந்த வகுப்புகளின் யூனிட்டுகள், அதாவது பாட அலகுகள், பட்டக் கணக்கில் ஏறாது, பல்கலைக்கழகமும் ஏற்காது. மத்திய அரசின் கல்வி உதவித்தொகையிலும் இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு 30 யூனிட் வரைதான். எந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் படி என்பதையோ கல்லூரிக்குக் கல்லூரி வேறு வேறாக வைத்திருந்தார்கள். ஃப்ரீவேயில் இரண்டு எக்ஸிட் தள்ளிப்போனால் அதே மதிப்பெண்ணுக்கு மேல் வகுப்பு கிடைக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். விவரம் தெரிந்த குடும்பம் எல்லோருக்கும் வாய்க்கிறதா என்ன?

இந்த அடுக்கில் என்ன கெடுதல், மெதுவாகவாவது மேலே வந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. ஒவ்வொரு வகுப்பிலும் நூற்றுக்கு 80 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், நல்ல விகிதம்தான். தேறியவர்களில் 80 விழுக்காட்டினர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள். அதுவும் நல்ல விகிதம். இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், இரண்டு படி கீழே தொடங்கிய 100 பேரில் ஒன்-ஏ முடிப்பவர்கள் 33 பேர்தான். மூன்று படி கீழே என்றால் 21. எந்த வகுப்பின் ஆசிரியரைக் கேட்டாலும் ‘என் வகுப்பில் பெரும்பாலோர் தேறிவிட்டார்களே’ என்பார். அவர் சொல்வதும் உண்மை. திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு நேர் பஸ்ஸில் போகிறவர் போய்ச் சேர்ந்துவிடுவார். மதுரையில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று என்று மாறிப் போகச் சொன்னால் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் சிலர் நின்றுவிடுவார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தாமஸ் பெய்லியும் சகாக்களும் 2010-இல் காட்டியதும் இதையே: தோற்று வெளியேறியவர்களைவிட, முதலில் ஒதுக்கிய வகுப்பிலேயோ, தேறிய பிறகு அடுத்த வகுப்பிலோ சேராமல் போனவர்கள் அதிகம். வேலை ஷிஃப்ட் மாறியது, குழந்தை பிறந்தது, கார் நின்றுபோனது. ஒரு செமஸ்டர் கூடினால் வாழ்க்கை குறுக்கே வருவதற்கு ஒரு வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவுதான்.

இதைக் கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1960-இல் வந்த மாஸ்டர் பிளான் மாநிலத்தின் உயர்கல்வியை மூன்றாகப் பிரித்தது. பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூ.சி.), முதல் மூன்றில் ஒரு பங்கு ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்கு, மற்ற எல்லோருக்கும் கதவு திறந்த கம்யூனிட்டி காலேஜ். 1984 வரை மாநிலத்தவருக்குப் பொதுவான கட்டணமே இல்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்தவர் விரும்பிய வகுப்பில் உட்கார்ந்தார், பலர் முதல் மாதத்திலேயே மூழ்கினார்கள். அதைப் பார்த்து மனம் நொந்தவர்கள்தான் ‘முதலில் நிலையை அளப்போம், பிறகு வழிகாட்டுவோம்’ என்று 1986-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் மீனா ஷானஸி என்ற ஆசிரியர் அதற்குச் சற்று முன்புதான், மாணவர் எழுத்தில் வரும் பிழைகளுக்குள்ளும் ஒரு தர்க்கம் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவரே ஆசிரியர் என்று காட்டியிருந்தார். 1977-இல் வந்த அவருடைய நூல் இந்தத் துறையின் அடித்தளம். கீழ்நிலை வகுப்புகளில் உழைத்த பலர் அந்த மரபில் வந்தவர்கள். காற்புள்ளியைத் தேடும் கம்ப்யூட்டர் தேர்வு அந்த மரபில் வந்ததல்ல.

எச்சரிக்கை மணி சீக்கிரமே அடித்தது. 1988-இல் மால்டெஃப் என்ற சட்ட உதவி அமைப்பு, தேர்வைக் காட்டி லத்தீனோ மாணவர்களைக் கீழ் வகுப்புகளில் நிறுத்திவைக்கிறார்கள் என்று வழக்குப் போட்டது. அதன் விளைவாக, ஒரே ஒரு தேர்வை நம்பி மாணவரைப் பிரிக்கக் கூடாது, வேறு அளவுகோல்களும் வேண்டும் என்று விதி வந்தது. விதியைக் கல்லூரிகள் காப்பாற்றிய அழகு தனிக்கதை. ‘கடைசியாக ஆங்கில வகுப்பு எப்போது படித்தீர்கள்’ என்பது மாதிரி ஒரு கேள்வி, அதற்கு ஒன்றிரண்டு மதிப்பெண். வேறு அளவுகோல் முடிந்தது! நாலு ஆண்டு பள்ளியில் வாங்கிய மதிப்பெண்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

அந்தப் பெட்டியைத் திறந்தவர்கள்தான் ஆட்டத்தை மாற்றினார்கள். 2012-இல் கொலம்பியா மையத்தின் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் ஒரு பெருநகரக் கல்லூரி அமைப்பின் தரவை எடுத்துப் பார்த்தார். ஆங்கிலத் தேர்வு எழுதிய மூவரில் ஒருவர் ஏறக்குறைய முற்றிலும் தவறான இடத்தில் உட்கார்த்தப்பட்டிருந்தார். மேலே போயிருக்க வேண்டியவர் கீழே கிடந்ததே இதில் அதிகம். பள்ளி மதிப்பெண்களைப் பார்த்திருந்தால் தவறு குறைந்திருக்கும் என்பதும் தெரிந்தது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பள்ளி மதிப்பெண்களின் சராசரியான ஜி.பி.ஏ. என்பது ஒருவர் நாலு ஆண்டு காலையில் எழுந்து போனாரா, கொடுத்த வேலையை முடித்தாரா என்பதன் பதிவு. ஒரு மணி நேரத் தேர்வு அன்றைக்குக் காற்புள்ளி எங்கே விழுந்தது என்பதன் பதிவு. அதே 2012-இல் லாங் பீச் சிட்டி காலேஜ் தன் ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களை மதிப்பெண்களை வைத்தே வகுப்பில் சேர்க்கத் தொடங்கியது.

ஹேவர்டில் உள்ள ஷபோ காலேஜில் வேறொரு பரிசோதனை வெகுநாளாக நடந்துகொண்டிருந்தது. ஒன்-ஏக்குக் கீழே இரண்டு செமஸ்டர் வழியும் இருந்தது, ஒரே செமஸ்டரில் முடியும் வழியும் இருந்தது. குறுகிய வழியில் சேர முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. வாக்கியப் பயிற்சிப் புத்தகம் கிடையாது. முதல் வாரத்திலிருந்தே முழுப் புத்தகங்கள், முழுக் கட்டுரைகள். அந்த வழியில் வந்தவர்கள் ஒன்-ஏயை அதிக அளவில் முடித்தார்கள். அங்கே ஆங்கிலம் கற்பித்த கேட்டி ஹெர்னும், லாஸ் மெடானோஸ் காலேஜில் கணிதம் கற்பித்த மைரா ஸ்னெலும் 2010-இல் ‘கலிஃபோர்னியா ஆக்சலரேஷன் புராஜெக்ட்’ என்று தொடங்கி, கல்லூரி கல்லூரியாகப் போய் மேலே எழுதிய அந்தப் பெருக்கல் கணக்கை ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாட்டின் மறுகோடியில், பால்டிமோர் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் பீட்டர் ஆடம்ஸ் 2007 முதலே இன்னொன்று செய்து பார்த்திருந்தார்: கீழ் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டவரை நேராகக் கல்லூரி வகுப்பிலேயே சேர்த்து, கூடவே அதே ஆசிரியரிடம் சிறு குழுவாகக் கூடுதல் நேரம். இன்று எல்லோரும் ‘கோ-ரெக்விசிட்’ என்று சொல்வது இதைத்தான்.

2017 அக்டோபரில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏபி 705 சட்டம், கேள்வியையே திருப்பிப் போட்டது. அதுவரை ‘நான் ஒன்-ஏக்குத் தகுதியானவன்’ என்று மாணவர் காட்ட வேண்டும். இனிமேல், ‘இவர் ஒன்-ஏயில் தேறுவது மிகவும் அரிது’ என்று கல்லூரி தரவுகளோடு காட்டினால்தான் கீழே அனுப்பலாம். ஓராண்டுக்குள் ஒன்-ஏ முடிப்பதற்கு எந்த வழியில் வாய்ப்பு அதிகமோ அந்த வழியில்தான் சேர்க்க வேண்டும். கல்லூரிகளுக்கு 2019 இலையுதிர் பருவம் வரை அவகாசம். மசோதாவை எழுதிய சட்டமன்ற உறுப்பினர் ஜாக்கி இர்வின், சில கல்லூரிகள் பழைய படிகளைப் பின்வாசல் வழியாக வைத்திருக்கின்றன என்று கண்டு 2022-இல் ஏபி 1705 என்று இன்னொரு பூட்டும் போட்டார்.

எல்லைக்கோடுகளைப் பாருங்கள். பள்ளி ஜி.பி.ஏ. 2.6-க்கு மேல் இருந்தால் நேராக ஒன்-ஏ. 1.9-க்கும் 2.6-க்கும் நடுவில் என்றால் ஒன்-ஏ, கூடுதல் உதவி நேரம் நல்லது. 1.9-க்குக் கீழே என்றாலும் ஒன்-ஏதான். உதவி நேரத்தை வலியுறுத்திச் சொல்வார்கள். கம்யூனிட்டி காலேஜ்களின் மாநில அலுவலகம் 2018-இல் இந்தக் கோடுகளை அறிவித்தபோது கூடவே வெளியிட்ட கணக்கில், கடைசிப் பிரிவினரில்கூட நேராகச் சேர்ந்தால் நூற்றுக்குச் சுமார் 43 பேர் தேறுவார்கள் என்று இருந்தது. பாதிக்கும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். படிப்படியாக ஏறி வருபவர்கள் அந்த எண்ணிக்கையைத் தொட முடியுமா என்பதுதான் கேள்வி. தொடவில்லை.

ஆக, தம்பிக்குத் தேர்வறை இல்லை. வீட்டிலிருந்தே ஃபோனில் விண்ணப்பம். பள்ளி எப்போது முடித்தாய், ஜி.பி.ஏ. என்ன என்ற கேள்விகளுக்கு அவனே பதில் போடுகிறான்; பள்ளி விவரம் கைவசம் இல்லாதவர்களிடம், இதுவரை என்ன படித்தீர்கள், எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வித்தாள். சில நாளில் ‘உங்களுக்கு ஒன்-ஏ’ என்று செய்தி. நம் ஊர் ஆட்கள் இதை முதலில் நம்புவதில்லை. தேர்வு எழுதாமல், சான்றிதழ் ஒட்டாமல், கெஜட்டட் ஆஃபீசர் கையெழுத்து இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள்.

தகுதி பார்க்கும் வேலை இப்படி எளிதானதும், தேர்ந்தெடுக்கும் வேலை மாணவர் தலையில் விழுந்திருக்கிறது. வெறும் ஒன்-ஏயா, உதவி நேரம் சேர்ந்த ஒன்-ஏயா? நேரடி வகுப்பா, ஆன்லைனா? பதினாறு வாரமா, எட்டு வாரத்தில் அடித்துப்பிடித்து முடிப்பதா? உதவி நேரம் என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி கூடுதல், கட்டணத்தில் ஒன்றிரண்டு யூனிட் கூடுதல். மாநிலத்தில் வசிப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர், குறைந்த வருமானம் என்றால் அதுவும் தள்ளுபடி. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘எனக்கு எதுக்கு உதவி’ என்று வெறும் ஒன்-ஏயை எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், பள்ளி முடித்துப் பத்தாண்டு கழித்து வருகிறவர்களும், வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களும் உதவி நேரத்தை விடவே கூடாது. முதல் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ‘இந்தப் பத்தியில் நீ என்ன சொல்ல வந்தாய்’ என்று கேட்க ஓர் ஆள் இருப்பது அங்கேதான். சட்டத்தின் உயிரே அந்த மணி நேரத்தில் இருக்கிறது. அதற்குப் பணம் ஒழுங்காக ஒதுக்காத கல்லூரியில் ஏபி 705 வெறும் காகிதம்.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதித் தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தியில்லை. வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வந்த பெண்கள், நாற்பது வயதில் வேறு துறைக்கு மாற நினைப்பவர்கள், தாத்தா பாட்டியாக வந்து கிரீன் கார்டு வாங்கியவர்கள் என்று டி ஆன்சா, ஓலோனி, மிஷன் காலேஜ்களின் வாசலை மிதித்தவர்கள் ஏராளம். எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம். ஓராண்டுக்கு மேல் இங்கே வசிப்பதைக் காட்டினால் மாநிலத்தவருக்கான கட்டணமே பொருந்தும். முன்பு இப்படி வருகிறவர்களை ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்புகளின் அடுக்கு விழுங்கிவிடும். இலக்கணம் ஒரு வகுப்பு, பேச்சு ஒரு வகுப்பு, வாசிப்பு ஒரு வகுப்பு, அவை ஒவ்வொன்றிலும் பல நிலைகள். பொறியியல் பட்டம் கையில் வைத்திருப்பவர் அங்கே உட்கார்ந்து ‘தி’ எங்கே வரும் என்று கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பார். ஏபி 705 இங்கேயும் ஒரு கெடு வைத்தது: பட்டமோ பல்கலைக்கழக மாறுதலோ நாடி ஈ.எஸ்.எல்.லில் நுழைகிறவர் மூன்றாண்டுக்குள் ஒன்-ஏ அளவை முடிக்க வழி இருக்க வேண்டும். பல கல்லூரிகள் தனித்தனித் திறன்களை ஒரே வகுப்பாகச் சேர்த்தன. கூபெர்டினோவின் டி ஆன்சாவில் மேல்நிலை ஈ.எஸ்.எல். வகுப்பான ஈ.எஸ்.எல். 5, ஒன்-ஏக்குச் சமமாகவே ஏற்கப்பட்டுவந்தது. இரண்டில் ஒன்றை முடித்தால் போதுமானதாக இருந்தது. வேற்றுமொழிக்காரருக்கு என்றே பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் அதே தகுதியைப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாமலே போனது. ஆங்கில மீடியத்தில் படித்தேன் என்ற ரோஷம் குறுக்கே நிற்பதையும் பார்க்கிறேன். பட்டமே வேண்டாம், பேசப் பழகினால் போதும் என்பவருக்குக் கட்டணமும் பட்டக் கணக்கும் இல்லாத நான்-கிரெடிட் வகுப்புகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

மாற்றத்தில் எல்லாம் லாபம் என்று சொல்ல மாட்டேன். நேராக ஒன்-ஏயில் தொடங்குகிறவர்களின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. முதல் ஆண்டிலேயே அதை முடிப்பவர்களும் முன்பைவிட மிக அதிகம். கறுப்பின, லத்தீனோ மாணவர்களுக்குத்தான் இதில் பெரிய ஆதாயம், ஏனென்றால் பழைய அடுக்கின் அடியில் அதிகம் இருந்தவர்கள் அவர்கள். மற்றவர்களோடு அவர்களுக்குள்ள இடைவெளி இன்னும் மூடவில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் பார்த்தால் தோற்பவர்களின் விகிதம் கூடியிருக்கிறது. பழைய முறையில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் வழியில் உதிர்ந்தார்கள். இப்போது ஆசிரியரின் கண்ணெதிரே உதிர்கிறார்கள். ஒரே அறையில் பள்ளியிலேயே உயர்நிலை ஆங்கிலம் முடித்த பிள்ளையும், பத்தி பிரிக்கத் தெரியாதவரும். இருபது ஆண்டு கீழ் வகுப்புகளையே நடத்திவந்த பகுதிநேர ஆசிரியர்கள் சிலர் வேலையை இழந்தார்கள். ஐம்பது வயதில், முப்பதாண்டு கழித்துப் பேனா பிடிக்க வரும் ஒருவர் ‘எனக்கு மெதுவாகத் தொடங்கினால் போதும்’ என்று கேட்டால் கிரெடிட் வகுப்பில் அதற்கு இடம் அநேகமாக இல்லை. நல்ல சட்டம்தான், இந்த ஒருவரை மறந்துவிட்டது.

இதற்கிடையே சட்டம் எழுதியவர்கள் கனவிலும் நினைக்காத இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று, 2022 கடைசியில் வந்த சாட்ஜிபிடி. கட்டுரையை வீட்டில் எழுதிவரச் சொன்ன வகுப்புகளில், ஆசிரியர்கள் இப்போது கண்ணெதிரே கையால் எழுதச் சொல்கிறார்கள், முதல் வரைவு, இரண்டாம் வரைவு என்று ஒவ்வொன்றையும் கேட்கிறார்கள். இன்னொன்று போலி மாணவர்கள். கல்வி உதவித்தொகையைச் சுருட்ட, இல்லாத ஆட்களின் பெயரில் ஆன்லைன் வகுப்புகளில் இடம் பிடிக்கும் கும்பல்கள். வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை என்பது அவர்களுக்கும் வசதியாகிவிட்டது. உண்மையான மாணவர் பதிவுசெய்யப் போனால் வகுப்பு நிரம்பிவிட்டது என்கிறது திரை.

2025 இலையுதிர் பருவம் முதல் ஒன்-ஏ என்ற பெயரும் போய்க்கொண்டிருக்கிறது. மாநிலம் முழுவதும் ஒரே பாட எண் என்ற சட்டப்படி அது இனி ‘இங்கிலீஷ் சி1000’. அதற்கடுத்து வாதம் எழுதப் பழக்கும் வகுப்பு ‘சி1001’. ஓலோனியில் முடித்ததை ஃபிரெஸ்னோவில் ஏற்பார்களா என்று கவுன்சலர் வாசலில் காத்துக்கிடந்த காலம் இதோடு முடியலாம். பழைய எண்ணைச் சொல்லித் தேடினால் பட்டியலில் அகப்படாது, கவனம். ஆன்லைன் பிரிவு நிரம்பியிருந்தால் நேரடி வகுப்பின் வெயிட் லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் நாள் நேரில் போய் உட்கார்ந்துவிடுவது நல்லது. பெயர் கொடுத்தும் முதல் நாள் வராதவரை நீக்கிவிட்டு, வந்திருப்பவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர்.